பிரஷர் பார்ப்பதற்கு முந்தைய ஐந்து நிமிடம்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவு நர்ஸாக இருக்கிறேன். 30 வயது தாண்டியவர் காய்ச்சலுக்கு வந்தாலும் சரி, யாருக்காவது துணைக்கு வந்தாலும் சரி, பிரஷரும் சுகரும் பார்த்துத்தான் அனுப்புவோம். "எனக்குத்தான் ஒண்ணும் செய்யலையே சிஸ்டர், எதுக்கு?" என்று பாதிப் பேர் கேட்பார்கள்.

ஒன்றும் செய்யாததுதான் சிக்கல். பிரஷர் 140/90-ஐத் தாண்டி வருஷக்கணக்கில் இருந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு எதுவும் தெரியாது. ஆள் பாட்டுக்கு வயலுக்குப் போவார், வருவார். உள்ளே இதயமும் சிறுநீரகமும் கண்ணின் ரத்தக் குழாய்களும் கெட்டுக்கொண்டிருக்கும். உடம்பு சொல்வதைக் கேட்டாலே போதும் என்று இப்போது நிறையப் பேர் அறிவுரை சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. உடம்பு சொல்லாமல் வைத்திருப்பதைக் கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். தலைசுற்றல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிட்டு, பக்கவாதத்தோடு தூக்கி வரப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் சரியாக அளக்க வேண்டுமென்றால் முதலில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்கணும், கால் மேல் கால் போடக்கூடாது, கை இதயத்தின் உயரத்தில் மேசைமேல் இருக்கணும். அரை மணி நேரத்துக்குள் டீயோ பீடியோ கூடாது. பேச்சும் கூடாது. கூட்ட நாளில் இதைக் கடைப்பிடிப்பது கஷ்டம்தான். ஆனாலும் நான் விடுவதில்லை.

அப்படி உட்கார வைத்த ஒரு அம்மாவிடம், "தோளை இறக்கி விடுங்கம்மா" என்றேன். இறக்கிய பிறகுதான் அவ்வளவு நேரமும் தூக்கி வைத்திருந்தது அவருக்கே தெரிந்தது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் அன்று 160/100. பட்டையை அவிழ்த்தபிறகு ராத்திரி என்ன சாப்பாடு என்று கேட்டேன். பழைய சோறு, ஊறுகாய், இருந்தால் கருவாடு. "அவரு போனப்புறம் ஒருத்திக்காக எதுக்கு உலை வைக்கணும்?" என்றார். தூக்கமும் சரியாக இல்லை.

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை அவருக்கும் முன்பே சொல்லியிருக்கிறோம். உப்பு கெடுதல் என்று தெரியாமல் அவர் ஊறுகாய் தொட்டுக்கொள்ளவில்லை. துக்கம் அடுப்பை அணைத்துவிட்டது. உப்பு அதற்குப் பின்னால் வந்தது. டாக்டரிடம் இரண்டையும் சேர்த்தே சொன்னேன். மனசு தாங்காத ராத்திரியில் பேச, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அவருடைய அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலரிடமும், பிரஷர் பார்த்ததும் உடனே கிளம்பாமல் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வரும்படி கேட்டுக்கொண்டேன்.

அப்புறம் ஒரு முறை வந்தபோது 142/88 இருந்தது. ராத்திரிச் சாப்பாடு இப்போது ஓரகத்தி வீட்டில்தானாம். மாத்திரையை நிறுத்தவில்லை, அளவும் அதேதான். இந்த எண் இன்னும் இறங்க வேண்டும். இப்போதெல்லாம் என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு, யாரோடு சாப்பிட்டீர்கள் என்றும் எல்லோரிடமும் கேட்கிறேன்.