புட்டிக்குள் இருந்த கிழங்கான்

"ஏம்மா, இத வெட்டித்தான் பாக்கணுமா?"

ஆய்வுக்காகச் சேர்த்துவைத்த மீன் புட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் கேட்டது இவ்வளவுதான். என் கையில் இருந்தது ஒரு பழைய கிழங்கான் மீன், எந்த இனம் என்று நான் பார்க்க வேண்டியிருந்தது. "வெளிய பாத்தா தெரியாதுண்ணே" என்றேன்.

நான் சொன்னது பொய்யில்லை. கிழங்கான்களை இனம் பிரிக்கிற யாரும் அதைத்தான் சொல்வார்கள். சிஹாமா, இண்டிகா என்று இரண்டு இனங்கள். முதல் முதுகுத் துடுப்பில் சிஹாமாவுக்கும் 11 முள், இண்டிகாவுக்கும் 11 முள். இரண்டாம் துடுப்பின் கதிர்களை எண்ணினாலும் பிடிபடாது. 1985-இல் மீன் ஆய்வாளர் ரோலண்ட் மெக்கே கிழங்கான் குடும்பம் முழுவதையும் மீளாய்வு செய்தபோது, மீன் மிதக்க உதவும் காற்றுப்பையின் வடிவத்தைத்தான் பெரிதும் நம்பினார். சில்லாகோ சிஹாமாவின் பை பின்பக்கம் இரண்டாகப் பிரிந்து, குதத்தையும் தாண்டி வால்பகுதிக்குள் கூராக ஓடும். இந்தியக் கரையின் சில்லாகோ இண்டிகா தனி இனமாகப் பெயர் பெற்றதும் அதே ஆண்டில்தான். அதற்கு முன் எழுதிய லேபிளில் சிஹாமா என்று இருந்தால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

அந்தப் புட்டியின் லேபிள் அதற்கும் முந்தையது. உள்ளே ஒரே மீன். அது பிடிபட்ட முகத்துவாரம் இன்று மண்மூடிக் கிடக்கிறது. சந்தையில் கிழங்கான் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம், அந்த இடத்து மீனை வாங்க முடியாது. அதனால்தான் வெட்ட வேண்டும் என்று எனக்குப் பட்டது. அதனால்தான் வெட்டக் கூடாது என்று அவருக்குப் பட்டிருக்கும். வருஷக்கணக்காக அந்தப் புட்டிகளுக்கு ஃபார்மலின் மாற்றி வந்தவர் அவர்.

குதத்துக்கு முன்னால் கத்தரி முனையை வைத்து மேல்நோக்கி நறுக்கினேன். தோல் அட்டை மாதிரி விறைப்பாக இருந்தது. உள்ளே பழுப்பு நிறத்தில் கூழ். குடல் எது, பை எது என்று பிரிக்கவே முடியவில்லை. அன்று மீனைப் போட்டவர்கள் வயிற்றில் ஊசி போடாமல் முழுசாக இறக்கியிருக்கிறார்கள். மருந்து உள்ளே போவதற்குள் அழுகிவிட்டது.

அண்ணன் எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. துணி நாடாவை எடுத்து மீனின் வயிற்றைச் சுற்றிக் கட்டி, தலைகீழாக மறுபடி புட்டியில் இறக்கினார்.

எக்ஸ்ரே எடுத்திருக்கலாமே என்று பிறகு ஒரு தோழி கேட்டாள். காற்று போன பை படத்தில் விழாது என்று வாதாடினேன். உண்மைதான். ஆனால் அன்று எக்ஸ்ரே என் நினைவுக்கே வரவில்லை. அறிக்கையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது, அதுதான் கண்ணில் நின்றது. ஃபார்மலினில் ஊறிய சதையில் டிஎன்ஏ எடுப்பதும் லேசில்லை. வேறு வழி இல்லைதான். வேறு வழி இல்லை என்பதற்காகவே வெட்ட வேண்டுமா?

சிஹாமா என்ற பெயரே ஃபோர்ஸ்கால் என்ற பழைய இயற்கை ஆய்வாளர் செங்கடல் மீனுக்கு வைத்தது. அவர் யேமனில் இறந்த பிறகு, 1775-இல்தான் அந்தப் பெயர் அச்சாகியது. அவர் சேர்த்த மீன்களில் கோபன்ஹேகனில் மிஞ்சியிருப்பவை தாளில் இலை போல ஒட்டிய காய்ந்த தோல்கள். தோலில் காற்றுப்பை ஏது? இருநூறு ஆண்டுக்கு மேலாக அந்தத் தோல்களை யாரும் எறியவில்லை. நாளைக்கு யாருக்காவது எதற்காவது தேவைப்படும் என்று வைத்திருக்கிறார்கள். என் கையில் வந்ததும் அப்படி வைக்கப்பட்ட ஒரு மீன்தான். மறுபக்கம் யோசித்தால், அதன் வயிறு எனக்கு முன்பே போய்விட்டது. நான் கெடுத்தது என்ன? ஒரு கீறல். இப்படிச் சொல்லிக்கொள்ளும்போது கொஞ்ச நேரம் நிம்மதியாக இருக்கிறது.

அதைவிட அந்தச் சீட்டுதான் உறுத்துகிறது. அண்ணன் நாடா கட்டுவதற்குள் நான் பென்சிலில் எழுதிப் போட்டது: "வயிறு திறக்கப்பட்டது. காற்றுப்பை இல்லை." கிழங்கான் குடும்பத்தில் பை இல்லாத, பை சுருங்கிப்போன இனங்களும் உண்டு. எங்கள் வேலையில் 'இல்லை' என்பதே ஒரு அடையாளம். 'அழுகிவிட்டது, பார்க்க முடியவில்லை' என்று எழுதியிருக்க வேண்டும். மீனைப் பார்க்காமல் சீட்டை மட்டும் படிக்கிற ஒருவர் அதை வேறு இனத்தில் சேர்த்துவிடலாம்.

அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். சீட்டை மாற்ற ஒருமுறை போனேன், அறை பூட்டியிருந்தது. அதன்பின் போகவில்லை. புட்டிக்குள் இன்னும் அந்த 'இல்லை' கிடக்கிறது, என் கையெழுத்தில்.