கிடை ஆட்டுக்கு மூலிகைப் பூச்சி மருந்து

ராமநாதபுரம் பக்கம் கால்நடை மருத்துவராக இருப்பவனிடம், ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்ததும், ஊர் ஊராகப் போய் வயலில் ஆட்டுக்கிடை போடும் கீதாரிகள் கொண்டுவரும் புகார் ஒன்றுதான். "பூச்சி மருந்து ஊத்தியும் கேக்கல சார், தாடையில தண்ணி கோத்துக்கிட்டு நிக்குது." வருடக்கணக்காக எல்லா ஆட்டுக்கும் குடற்புழுவுக்கு அதே அல்பெண்டசோல் மருந்தை, எடை பார்க்காமல் குத்துமதிப்பாக ஊற்றினால் புழு அதற்குப் பழகாமல் என்ன செய்யும்? அடுத்த கேள்வி உடனே வரும்: "மூலிகை ஏதாச்சும் இருக்கா?"

இருக்கிறது. ஆனால் எதிரி யார் என்று முதலில் பார்க்க வேண்டும். மழைக்குப் பிறகு செம்மறியைச் சாய்ப்பது பெரும்பாலும் ஹீமாங்கஸ் என்ற புழு. குடற்புழு என்று சொன்னாலும் இது குடியிருப்பது நான்காவது இரைப்பையில். ஒரு புழு நாளைக்கு 0.05 மில்லி ரத்தம் குடிக்கும், 1,000 புழு இருந்தால் 50 மில்லி போச்சு. பெண் புழு தினமும் 5,000 முட்டைக்கு மேல் போடும். இந்த வேகத்தை ஒரு வேளை கஷாயம் நிறுத்திவிடும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

தஞ்சாவூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மூலிகை மையத்திலிருந்து பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய உருண்டை பலருக்கும் தெரியும். சீரகம், கடுகு, மிளகு, மஞ்சள், பூண்டு, வேப்பிலை, தும்பை, பாகற்காய், வாழைத்தண்டு எல்லாம் அரைத்து வெல்லம் சேர்த்து உருட்டி, உப்புத் தொட்டு நாக்கில் தடவுவது. மாட்டுக்குச் சொல்லும் அளவை ஆட்டுக்கு எடைக்குத் தகுந்தபடி குறைத்துக்கொள்ள வேண்டும். கொடுத்தால் ஆடு நன்றாக மேய்கிறது, கழிச்சல் மட்டுப்படுகிறது, இதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் கொடுப்பதற்கு முன்னும் இரண்டு வாரம் கழித்தும் புழுக்கையை உப்புக் கரைசலில் கலக்கி மைக்ராஸ்கோப்பில் முட்டை எண்ணினால் ஒரு கிடையில் நன்றாகக் குறையும், இன்னொன்றில் அசையவே அசையாது. இலை எந்தப் பருவத்தில் பறித்தது, எவ்வளவு போட்டார்கள் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும்போது வேறென்ன எதிர்பார்க்க முடியும்.

என் அனுபவத்தில் உருண்டையின் பெரிய லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டையும் பிடித்து வாயைத் திறக்க வேண்டியிருப்பதால், அப்படியே கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிடலாம். சிவப்பாக இருந்தால் விட்டுவிடு, வெளுத்திருந்தால் தனியாகக் கட்டு. தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டை இதைத்தான் ஐந்து நிறமாகப் பிரித்துக் காட்டுகிறது. மந்தையில் உள்ள புழுவில் பெரும்பங்கு கொஞ்சம் ஆடுகளிடம்தான் இருக்கும், வெளுத்தவற்றுக்கு மட்டும் வேலை செய்கிற ஆங்கில மருந்தை எடை பார்த்துக் கொடுத்தால் போதும். மற்றவற்றின் வயிற்றில் மருந்தே காணாத புழு மிஞ்சுவதும் நல்லதுதான், மருந்துக்குப் பழகிய இனம் மட்டுமே பெருகாமல் இருக்கும்.

மருந்தாக இல்லாமல் தீனியாகப் போவதில்தான் எனக்கு அதிக நம்பிக்கை. கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேலங்காயைத் தொரட்டியால் உலுக்கி விடுவார்களே, அதில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய. டானின் புழுவை அடக்கும், உடம்புக்குச் சேரும் புரதமும் கூடும். அளவு மிஞ்சினால் ஆடு தீனி எடுப்பது குறையும், அதனால் மேய்ச்சலோடு சேர்த்துத்தான். சீமைக்கருவேலங்காய் இதற்கு ஆகாது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அப்புறம், பனி உலர்ந்த பிறகு ஆட்டை ஓட்டும் பழைய வழக்கத்தைச் சில இளவட்டங்கள் விட்டுவிட்டார்கள். புழுக்குஞ்சு ஈரத்தில்தான் புல் நுனிக்கு ஏறும், இந்த ஒன்றைக் கடைப்பிடித்தாலே பாதி மருந்துச் செலவு மிச்சம் என்பேன்.

ஒரு செடி விஷயத்தில் மட்டும் சண்டையே போடுவேன். ஆடுதின்னாப்பாளையைப் பூச்சிக்குக் கொடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், மனிதருக்குப் புற்றுநோயும் தரும். "எங்க அப்பாரு காலத்துலேர்ந்து குடுக்குறோம் தம்பி" என்றார் ஒரு பெரியவர். "ஆடே தின்னாதுன்னு பேர் வச்சிட்டு நாம ஏன்யா வாயில திணிக்கிறோம்?" என்று கேட்டேன். சிரித்தார். விட்டாரா தெரியாது.

அறுவடை முடிந்து தஞ்சாவூர்ப் பக்கம் கிடை போடப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் முழுசாகப் பொருந்தாது. வாய்க்கால் ஓரத்தில் நத்தை இருக்கும் இடத்தில் மேய்ந்தால் தட்டைப்புழு வரும், அது வேறு ஜாதி. உருண்டையை நம்பி இருந்துவிடாமல், திரும்பி வந்ததும் புழுக்கையைச் சோதித்து, இருந்தால் ஆக்ஸிக்ளோசனைடு ஊற்றச் சொல்கிறேன்.