மூன்று தாள்களில் என் மகள்

காலை ஏழேகால் ஆனால் என் மகளுக்கு வயிறு வலிக்க ஆரம்பிக்கும். குளித்து, சீருடை போட்டு, ஒரு கால் ஷூவை மாட்டும்வரை வந்துவிடுவாள். இன்னொரு ஷூ கையில் இருக்கும்போதே படிக்கட்டில் சுருண்டு உட்கார்ந்துவிடுவாள். முகம் வெளுத்துப் போயிருக்கும், உள்ளங்கை வியர்த்திருக்கும். "சரி, இன்னிக்குப் போக வேண்டாம்" என்று சொல்லிவிட்டால், பத்து மணிக்குள் வலி அடங்கிவிடும். சனி, ஞாயிறு அந்தப் பேச்சே இருக்காது. அப்போது அவளுக்கு 13 வயது. அவள் நடிக்கிறாள் என்று வீட்டில் சிலர் சொன்னார்கள். நானும் சில நாட்கள் அப்படித்தான் நினைத்தேன். அதற்காக இன்றும் மனசு வலிக்கிறது.

முதலில் குழந்தைகள் நல மருத்துவரிடம் போனோம். வயிற்றை அழுத்திப் பார்த்தார், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்தார். எதிலும் குறை இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒண்ணுமே இல்லைன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க. வலி நிஜம்" என்றார். பயம் வந்தால் உடம்பு ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ தயாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது, வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைந்து கைகால் தசைகளுக்குப் போகிறது, செரிமானம் தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றம்தான் அவளுக்கு வலியாகத் தெரிகிறது என்று விளக்கினார். அப்புறம் ஒரு வேலை கொடுத்தார். ஒரு நோட்டில் தினமும் தேதி, வலி வந்த நேரம், பூஜ்யம் முதல் 10 வரை எவ்வளவு வலி, அன்றைக்கு வகுப்பில் என்ன பாடம் என்று எழுதி வர வேண்டும்.

இரண்டு வாரத்தில் அந்த நோட்டு ஒரு விஷயத்தைக் காட்டியது. செவ்வாயும் வியாழனும் 8, 9. மற்ற நாட்களில் 4, 5. அந்த இரண்டு நாட்களில் மட்டும் முதல் பாடவேளை மொழிப் பாடம். காரணம் என்னவென்று அப்போதும் எனக்குப் புரியவில்லை. கேட்டால் "தெரியல" என்பாள். முகத்துக்கு நேராக உட்கார்ந்து, "சொல்லு, என்ன பிரச்சினை? அம்மாகிட்ட சொல்ல மாட்டியா?" என்று நான் கேட்கக் கேட்க அவள் இன்னும் ஒடுங்கினாள்.

மனநல ஆலோசகரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த மூன்று வாரமும் அவளைப் பெரும்பாலும் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். பாவம், கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்றுதான். ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் முந்தைய திங்களைவிடக் கடினமாகிக்கொண்டே போனது. ஏன் அப்படி ஆனது என்று ஆலோசகர் பிறகு சொன்னார். பயந்த இடத்தைவிட்டு விலகியதும் பெரிய நிம்மதி வருகிறது. 'விலகினதாலதான் தப்பிச்சேன்' என்று மூளை கற்றுக்கொள்கிறது. அந்த இடத்தில் இருந்தபடியே பயம் ஏறி, உச்சிக்குப் போய், தானாக இறங்குவதை அது பார்க்கவே இல்லையே. அதனால் அடுத்த முறை இன்னும் சத்தமாக அலறுகிறது. வற்புறுத்தி இழுத்துக்கொண்டு போவதும் பிழை, காலவரையின்றி வீட்டில் வைத்துக்கொள்வதும் பிழை. இடையில் ஒரு வழி இருக்கிறது, அது மெதுவான வழி என்றார்.

முதல் சந்திப்பில் எங்கள் இருவரையும் உட்காரவைத்து அவர் விதிகளைச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. மகள் சொல்வது அந்த அறைக்குள்ளேயே இருக்கும். அவள் தனக்குத் தீங்கு செய்துகொள்ளும் ஆபத்தோ, வேறு யாராவது அவளுக்குத் தீங்கு செய்யும் ஆபத்தோ இருந்தால் மட்டும் பெற்றோரிடம் சொல்லியாக வேண்டும். அதையும் முதலில் அவளிடம் சொல்லிவிட்டுத்தான். மகள் அதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு என்னை வெளியே அனுப்பினார்.

உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று எப்போதாவது தோன்றியதா என்று அவளிடம் நேரடியாகவே கேட்டிருக்கிறார். பிறகு தெரிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, ஆய்வுகளும் அதைத்தான் காட்டுகின்றன, யாரும் கேட்காமல் விடுவதுதான் பிள்ளையைத் தனியாக்கும் என்று பொறுமையாக விளக்கினார். என் மகள் இல்லை என்றாள். ஆம் என்று சொல்லியிருந்தால் அவளைத் தனியே விடாமல், வீட்டில் உள்ள மருந்துகளைப் பூட்டி வைத்து, அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லியிருப்பாராம். ஒவ்வொரு பெற்றோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இனி அந்த மூன்று தாள்களுக்கு வருகிறேன். எஸ்.டி.க்யூ. என்று, பிள்ளைகளின் மனநிலையையும் நடத்தையையும் பற்றிக் கேட்கும் ஒரு வினாத்தாள் இருக்கிறது. ராபர்ட் குட்மேன் என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர் 1997இல் வெளியிட்டது. 25 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே உண்மை இல்லை, ஓரளவு உண்மை, நிச்சயமாக உண்மை என்று மூன்று கட்டங்கள். பெற்றோருக்கு ஒரு தாள், ஆசிரியருக்கு ஒன்று, 11 வயதும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைக்கு ஒன்று. இதை வைத்து நோய் என்று முடிவு கட்ட முடியாது, எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான் என்று சொல்லித்தான் ஆலோசகர் கொடுத்தார்.

ஒரு வாரம் கழித்து மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஆசிரியரின் தாளில் என் மகளுக்குப் பிரச்சினை என்று ஒன்றுமே இல்லை. அமைதியான பிள்ளை, சொன்னதைக் கேட்பாள். என் தாளில் அவள் கோபக்காரி, சொல்பேச்சு கேட்காதவள். அவளுடைய தாளில் கோபம் ஓரளவுதான். கவலை, பயம் சம்பந்தப்பட்ட கட்டங்கள் எல்லாம் 'நிச்சயமாக உண்மை'யில் அழுத்தி டிக் செய்யப்பட்டிருந்தன. பேனா தாளின் மறுபக்கம்வரை பதிந்திருந்தது. குறைந்தது ஒரு நல்ல நண்பராவது இருக்கிறாரா என்ற பொருளில் ஒரு வரி உண்டு. ஆசிரியர் நிச்சயமாக உண்மை என்று குறித்திருந்தார். நானும் அப்படியே. என் மகள் 'உண்மை இல்லை'யில் குறித்திருந்தாள்.

அந்த ஒரு கட்டத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

அன்று இரவு நான் எதுவும் கேட்கவில்லை. துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன், அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சாக்ஸ்களை ஜோடி சேர்த்தாள். கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, கைக்கு வேலை இருக்கிறது. அவளே ஆரம்பித்தாள். வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொன்னபோது ஒரு வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். மூன்று தோழிகள் பல நாட்கள் அதே மாதிரி பேசிக் காட்டினார்கள். பிறகு இவளை விட்டுவிட்டு வேறொரு வாட்ஸ்அப் குழு தொடங்கிக்கொண்டார்கள். பழைய குழுவைத் திறந்து காட்டினாள். கடைசிச் செய்தி இவளுடையதுதான்: நாளைக்கு என்ன கொண்டு வரணும்? அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"இதுக்கா இவ்ளோ" என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். "ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்டா" என்றேன். அவள் அழுதாள். சாக்ஸை மடித்துக்கொண்டே அழுதாள்.

பள்ளியோடு நடந்த முதல் கூட்டம் வீண். வீட்டில் செல்லம் அதிகம், போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது முறை ஆலோசகரின் கடிதம், வலி நோட்டு, மூன்று தாள்களின் சுருக்கம் எல்லாம் எடுத்துப் போனேன். மகளிடம் கேட்டு, அவளையும் அழைத்துப் போனேன். அவளைப் பற்றி முடிவெடுக்கும் அறையில் அவள் இல்லாமல் எப்படி என்று ஆலோசகர்தான் கேட்டார். தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்று 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு சொல்கிறது என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வகுப்பாசிரியர் என் மகளின் தாளை நீண்ட நேரம் பார்த்தார். "நீ நல்லா இருக்கேன்னு நினைச்சேன்மா. அமைதியா இருந்ததால கவனிக்காம விட்டுட்டேன்" என்று நேராக அவளிடமே சொன்னார். அதன்பிறகு கூட்டத்தின் போக்கே மாறிவிட்டது.

என்ன உதவி வேண்டும் என்று கேட்டதும் மகள் சொன்னது மூன்றே விஷயங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் சத்தமாக வாசிக்கச் சொல்லக் கூடாது. முடியாமல் போனால் காரணம் சொல்லாமல் பத்து நிமிடம் வெளியே போய்வர அனுமதி வேண்டும். எல்லா ஆசிரியர்களும் வந்து விசாரிக்காமல் ஒருவரிடம் மட்டும் பேசினால் போதும். அவள் தேர்ந்தெடுத்தது நூலக மிஸ்ஸை. நாங்கள் பெரியவர்கள் உட்கார்ந்து யோசித்திருந்தால் இவ்வளவு எளிமையாக யோசித்திருக்க மாட்டோம். அந்த மூன்று தோழிகளிடம் பள்ளி தனித்தனியாகப் பேசியது. நட்பு திரும்பவில்லை, பேசிக் காட்டுவது நின்றது.

திரும்பிப் போவதற்கு ஆலோசகரும் அவளும் ஏணி மாதிரி எட்டுப் படிகள் எழுதினார்கள். முதல் படி, மாலையில் பள்ளி முடிந்தபின் வாசல்வரை போய்வருவது. அப்புறம் நூலகத்தில் ஒரு மணி நேரம். பிறகு இரண்டு பாடவேளை, அரைநாள், முழுநாள். எட்டாவது படி செவ்வாய்க்கிழமை முதல் பாடவேளை. ஒரு படியில் நின்று பயம் பாதியாகக் குறையும்வரை அடுத்ததற்குப் போகக் கூடாது. நான் மாற்றிக்கொள்ள வேண்டியதும் இருந்தது. "ஒண்ணும் ஆகாது" என்று சொல்வதை நிறுத்தச் சொன்னார். ஏற்கெனவே ஒன்று ஆகியிருக்கிறதே. அதற்குப் பதில் இரண்டும் சேர்ந்த பேச்சு: "பயமாத்தான் இருக்கும். அதோடவே உன்னால போக முடியும்." என் கணவரும் நானும் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகினோம் என்றால் நம்புவீர்களா? அது அவ்வளவு சுலபமாக வாயில் வரவில்லை.

தூக்கத்தையும் சரிசெய்தோம். அந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. பருவ வயதில் உடம்புக் கடிகாரமே தள்ளிப்போவதால் தூக்கம் தாமதமாகத்தான் வரும், அதைச் சோம்பல் என்று திட்டக் கூடாது. இரவில் எல்லோருடைய போனும் கூடத்தில்தான் என்று வைத்துக்கொண்டோம். எங்களுடையதும்.

என் பிள்ளைக்கு மட்டும் ஏன் இப்படி என்று ஒருநாள் ஆலோசகரிடம் அழுதேன். 10 முதல் 19 வயதுக்குள் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது என்றார். ஒரு வகுப்பறையை மனதில் நிறுத்தி எண்ணிப் பார்த்தேன். எத்தனை வீட்டுப் படிக்கட்டில் எத்தனை பிள்ளைகள் ஒற்றை ஷூவோடு உட்கார்ந்திருக்கிறார்களோ.

ஆறாவது படிவரை ஏறியபின் ஒரு நீண்ட விடுமுறை வந்தது. முடிந்த முதல் நாளே பழைய வலி, 9. எல்லாம் போச்சு என்று இடிந்துபோனேன். விடுமுறைக்குப் பின் இது சகஜம், ஒரு படி மட்டும் இறங்குங்கள், தரைக்கு வந்துவிடாதீர்கள் என்றார் ஆலோசகர். நான்கு நாள் அரைநாள் போனாள். ஐந்தாம் நாள் முழுநாள்.

எல்லாம் ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. இன்னும் மதியம் நூலகத்தில்தான் பெரும்பாலும் இருக்கிறாள். அங்கே வேறு வகுப்புப் பெண் ஒருத்தி வருகிறாளாம், பெயரை இன்னும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போன செவ்வாய் காலை படிக்கட்டில் உட்கார்ந்து நோட்டை எடுத்தாள். வயிற்றில் கை வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 4 என்று எழுதினாள். நோட்டைப் பையில் வைத்தாள். இரண்டாவது ஷூவை மாட்டிக்கொண்டு, "போலாம்மா, நேரமாச்சு" என்றாள்.