விளக்குத் தண்டில் ஒளிந்திருந்த சுருள்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டு ஹாலில் நிற்கும் விளக்கின் தண்டு, ஒரு காலத்தில் இரட்டைக்குழல் துப்பாக்கியாக இருந்தது. மாமனாரின் அப்பா வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் கணக்கராக இருந்தபோது கைக்கு வந்ததாம். பின்பக்கமாக ஒன்றேகால் அடி விட்டு மீதியை அறுத்து, ஒயர் போக ஓட்டையும் போட்டு எப்போதோ விளக்காக்கிவிட்டார்கள். சுடக்கூடிய துப்பாக்கியாக இருந்தால் நான் கையே வைத்திருக்க மாட்டேன். அது லைசென்ஸ் உள்ள துப்பாக்கிப் பழுதுக்காரர் வேலை.

சில வருடங்களுக்கு முன் துரு எடுக்க ஒரு பாலிஷ் கடையில் கொடுத்தோம். கண்ணாடி மாதிரி பளபளவென்று திரும்பி வந்தது. அத்தைக்கு மட்டும் முகம் வாடிவிட்டது. “இதுல முன்னாடி பாம்புச் சட்டை மாதிரி வரி வரியா இருக்கும் மாப்பிள்ளை. எல்லாத்தையும் தேச்சுட்டாங்க” என்றார். அந்த வரி போகவில்லை, அதை மீட்க முடியும் என்று எனக்குத் தெரியும். இந்த மழைக்காலத்தில்தான் நேரம் வாய்த்தது.

இப்படி வரி ஓடும் குழலுக்கு டமாஸ்கஸ் குழல் என்று பெயர். டமாஸ்கஸ் என்றதும் நம் ஊர் உருக்கு ஞாபகம் வரும். அது வேறு, மூசையில் உருக்கி எடுத்தது. இது இரும்பையும் எஃகையும் மெல்லிய பட்டைகளாக அடுக்கி, பழுக்கக் காய்ச்சி ஒன்றாக அடித்து, சதுரக் கம்பியாக நீட்டி, கயிறு திரிப்பது போல முறுக்கியது. அப்படி முறுக்கிய இரண்டு மூன்று கம்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நாடாவாக்கி, ஓர் இரும்புத் தடியின் மேல் சுற்றி, மறுபடி அடித்துக் குழலாக்குவார்கள். அதனால் கோலம் மேல்தோலில் இல்லை. குழலின் முழுக் கனத்திலும் ஓடுகிறது. எவ்வளவு தேய்த்தாலும் அடியில் அதே சுருள் இருக்கும். இரண்டு உலோகமும் ஒரே நிறத்தில் பளபளப்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதல் வேலை, கடை போட்ட பளபளப்பை எடுப்பது. நாக்தேவி தெருவில் 240, 400, 600 எமரி தாள் வாங்கி, நீளவாக்கில் மட்டும் இரண்டு சாயங்காலம் தேய்த்தேன். அடிப்பக்கத்து அழுக்கு போனதும் ஒரு முட்டை வடிவ முத்திரை தெரிந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன்: உள்ளே இ, எல், ஜி என்று மூன்று ரோமன் எழுத்து, கீழே ஒரு நட்சத்திரம். பெல்ஜியத்து லியேஜ் நகரின் சோதனை முத்திரை, அதாவது குழல் வெடிமருந்தைத் தாங்குகிறதா என்று சுட்டுப் பார்த்துக் குத்துவது. மேலே கிரீடம் இல்லை. கிரீடம் சேர்த்தது 1893-இல், ஆக இது அதற்கும் முந்தியது. அந்த இடத்தில் தாளே படாமல் டேப் ஒட்டிவிட்டேன்.

இரண்டு உலோகமும் தனித்தனியாகத் தெரிய வேண்டுமென்றால் குழலுக்குக் கறுப்பு ஏற்ற வேண்டும். அதற்கு இன்று கடைகளில் செய்யும் கொதிக்கும் காரக் குளியல் இதற்கு ஆகாது. இரண்டு குழலையும், அவற்றுக்கு இடையே நீளமாக ஓடும் நடுப்பட்டையையும் சேர்த்திருப்பது ஈயப் பற்று. காரம் அதைத் தின்றுவிடும். பழைய வழி துருவேற்றுவது: துருப்பிடிக்க விட்டு, தண்ணீரில் கொதிக்கவைத்தால் செந்துரு கறுப்புத் துருவாக மாறி ஒட்டிக்கொள்ளும். 100 டிகிரியில் பற்று உருகாது.

துருவேற்றும் கரைசலுக்கு மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு, வினிகர், ஒரு சிட்டிகை உப்பு. குழல் வாய்களை மரக்கட்டையால் அடைத்து, அசிட்டோனால் துடைத்து, கையுறையோடு பால்கனியில் பூசினேன். முதல் நாளே தப்பு செய்தேன். பஞ்சு ஈரமாக இருந்ததால் கரைசல் வழிந்து, காய்ந்த இடத்தில் கண்ணீர்க்கோடு மாதிரி குழித்துவிட்டது. மறுபடி 400 தாளிலிருந்து ஆரம்பம். இரண்டாம் முறை பஞ்சைப் பிழிந்து, ஈரம் இருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்குத்தான் தொட்டேன். ஜூலை மாத மும்பைக் காற்று மீதியைப் பார்த்துக்கொண்டது. வறண்ட ஊரில் இதற்கென்றே ஈரப்பெட்டி செய்வார்கள். எனக்கு ஜன்னலைத் திறந்தால் போதும். இரண்டு மணி நேரத்தில் மஞ்சள்பொடி தூவியது போல மெல்லிய துரு.

இதற்கென்றே வாங்கிய நீள எவர்சில்வர் ட்ரேயை இரண்டு அடுப்பின் மேல் வைத்து, டிஸ்டில்ட் வாட்டரில் இருபது நிமிடம் கொதிக்கவிட்டேன். ஆரஞ்சு நிறம் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே வந்து, வெளியே எடுத்தபோது முழுசும் கறுப்பு வெல்வெட். எண்ணெய் போக்கிய மெல்லிய ஸ்டீல் வூலால் மென்மையாகத் தேய்த்தால் மேல் தூள் உதிர்ந்து அடியில் சாம்பல் நிறம் நிற்கும். இப்படி நாளுக்கு ஒரு சுற்று.

மூன்றாம் சுற்று முடிந்தும் ஒரு வரி இல்லை, வெறும் கறுப்பு. லாமிங்டன் ரோட்டில் சர்க்யூட் போர்டு அரிக்க விற்கும் ஃபெரிக் குளோரைடை நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்கவைத்து, பிவிசி குழாயில் ஊற்றி, பத்து வினாடி முக்கினேன். உடனே ஆப்பசோடா கலந்த தண்ணீர். துடைத்ததும் நெஞ்சு ஒரு நிமிடம் நின்றது. கறுப்பு ஓர் உலோகத்தில் சீக்கிரம் கரைகிறது, இன்னொன்றில் நிற்கிறது. வலது குழல் முழுக்கச் சின்னச் சின்னச் சுருள்கள், சிக்குக் கோலத்தின் வளைவு போல ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு. நாடா நாடாவோடு சேர்ந்த கோடுகூட சாய்வாகச் சுற்றி ஏறுவது தெரிந்தது. அப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கும் துரு, கொதி, தேய்ப்பு, ஒரு முக்கு. ஏழாவது சுற்றில் நிறுத்தினேன். அதற்கு மேல் போனால் வெள்ளைக் கோடும் மங்கத் தொடங்கும் என்று பட்டது.

ஒரு விஷயத்தில் ஏமாந்தேன். மறுநாள் காலை நடுப்பட்டை ஓரத்தில் ஆரஞ்சுப் புள்ளிகள். பட்டைக்கு அடியில் உள்ள வெற்றிடத்தில் தண்ணீர் புகுந்து, உப்போடு மெல்லக் கசிந்திருக்கிறது. திரும்ப நல்ல தண்ணீரில் கொதிக்கவைத்து, சூடாக இருக்கும்போதே சாய்த்து வைத்து, ஒரு நாள் முழுக்க ஃபேனுக்கு அடியில் விட்டு, கசிவு நின்ற பிறகுதான் எண்ணெய் போட்டேன். ஒரு வாரம் கழித்து மெழுகு.

நேற்று ஒயர் மாட்டி விளக்கைப் போட்டேன். அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, விரலால் தொடாமல், சுருளை மட்டும் காற்றில் வரைந்து பார்த்தார். “இடது பக்கம் கொஞ்சம் மங்கலா இருக்கே” என்றார். உண்மைதான், அந்தப் பக்கம் கண்ணீர்க்கோட்டை எடுக்கத் தேய்த்த இடம். மழை விடுவதற்குள் அதற்கு இன்னும் இரண்டு சுற்று கொடுக்கப் போகிறேன்.