பிரேக்கர் வைத்துத் தளம் உடைத்தது: இரண்டு நாள் குறிப்பு

வேலை: மண் மேல் போட்ட கான்கிரீட் தளம். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 100 மி.மீ. கனம். உள்ளே 8 மி.மீ. கம்பிப் பின்னல். இயந்திரம் 16 கிலோ எலக்ட்ரிக் பிரேக்கர், அதாவது உளியை விடாமல் அடித்துக் கான்கிரீட்டை உடைக்கும் கருவி. கூர் உளி இரண்டு, பட்டை உளி ஒன்று. இதே முறையை மாடித் தளத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. அங்கே பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் ஒரு அடிகூட அடிக்க வேண்டாம்.

முதல் நாள் காலை முழுக்க முன்வேலைதான். அடியில் ஓடும் மின்கம்பி, தண்ணீர்க் குழாய் எங்கே என்று தேடிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டாயிற்று. புதைந்த கம்பி, குழாயைக் கண்டுபிடிக்கும் டிடெக்டர் பிளாஸ்டிக் குழாயைப் பெரும்பாலும் காட்டாது. குழாய் வாய்களைப் பார்த்துப் பாதையை ஊகிக்க வேண்டும். மின் இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்). நீட்டிப்பு ஒயர் 2.5 சதுர மி.மீ., உருளையிலிருந்து முழுதும் பிரித்துப் போட்டது. சுற்றியபடியே விட்டால் சூடேறி உருகும். உடைக்காத பகுதியின் எல்லையில் அறுக்கும் தட்டு மாட்டிய கை கிரைண்டரால் 25 மி.மீ. ஆழத்துக்குக் கோடு அறுத்ததால் வெடிப்பு அந்தப் பக்கம் ஓடவில்லை.

நடுவில் குத்தித் தொடங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. உடைந்த துண்டு நகர இடம் வேண்டும். திறந்த விளிம்பிலிருந்து 5 முதல் 7 செ.மீ. உள்ளே உளியை வைத்து, விளிம்பைப் பார்த்துச் சற்றே சாய்த்து அடித்தால் சில நொடியில் துண்டு கழன்றுவிடும். பிறகு அடுத்த வரிசை. மேலே ஏறி அழுத்தத் தேவையில்லை, இயந்திரத்தின் கனமே போதும். அழுத்தினால் அதிர்வு கைக்குத்தான் வரும்.

சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கணீரென்று கேட்டால் கான்கிரீட் பிளக்கிறது. மொத்தென்று மாறினால் உளி பொடிக்குள் புதைகிறது என்று பொருள். அந்தப் பொடியே உளியை இறுகப் பிடித்துக்கொள்ளும். அப்போது நிறுத்திவிட்டு இடம் மாற்ற வேண்டும். மூன்றாவது வரிசையில் உளி மாட்டிக்கொண்டது. இயந்திரத்தை ஆட்டி நெம்பினால் உளி முறியும், பிடிப்பு வாயும் கெடும். பிளக்கைப் பிடுங்கி, உளியிலிருந்து இயந்திரத்தைக் கழற்றி, இரண்டாவது கூர் உளியைப் பக்கத்தில் இறக்கியதும் முதலாவது தளர்ந்தது. இரண்டு உளி கேட்பது இதற்காகத்தான்.

அதிர்வைக் கணக்கில் எடுக்காமல் வேலை செய்யவே கூடாது. இயந்திரத்தின் கையேட்டில் அதிர்வு 10 மீ/செ² என்று போட்டிருந்தால், எட்டு மணி நேரத்துக்குச் சராசரியாகக் கணக்கிடும் ஐரோப்பிய விதியின் தினசரி எச்சரிக்கை அளவான 2.5-ஐ, விசையை அழுத்தி ஓட்டிய 30 நிமிடத்திலேயே தொட்டுவிடும். உச்ச வரம்பான 5-ஐ 2 மணி நேரத்தில். விரல் மரத்தாலோ வெளுத்தாலோ அன்றைக்கு அதோடு நிறுத்தம். மழுங்கிய உளி அதிர்வைக் கூட்டும். தீட்டும்போது சூட்டில் முனை நீலம் பாய்ந்தால் பதம், அதாவது எஃகின் கடினம், போய்விட்டது.

தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும். துணி முகமூடி ஏமாற்று. முகத்தோடு ஒட்டி நிற்கும் எஃப்எஃப்பி3 (நுண்தூசியை வடிகட்டும் தர முகமூடி) வேண்டும். கைத்தெளிப்பானால் தளத்தை மட்டும் நனைத்தாயிற்று, இயந்திரத்தின் மேல் ஒரு துளியும் படாமல். நனைக்காமல் துடைப்பத்தால் பெருக்குவது கிடையாது. காதுக்கு அடைப்பான், அதன் மேல் காதை மூடும் மஃப், இரண்டும்.

இரண்டாம் நாள் கம்பி வெளியே தெரிந்தது. உளி கம்பியில் பட்டால் துள்ளும். சுற்றியுள்ள கான்கிரீட்டைக் கழற்றிய பின், கிரைண்டரால் ஒரு மீட்டர் துண்டுகளாக அறுத்தாயிற்று. இழுபட்டு நிற்கும் கம்பி அறுந்ததும் சட்டென்று விசிறும். அது திரும்பக்கூடிய பக்கம் யாரும் நிற்கக் கூடாது.

அள்ளுவதையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். 0.6 கன மீட்டர் என்றால் ஏறக்குறைய 1,440 கிலோ. பாண்டு ஒன்றுக்கு 20 கிலோ என்றாலும் 72 நடை. உடைக்க உடைக்க அள்ளினால்தான் காலடி சமமாக இருக்கும்.

சுவரை ஒட்டிய 30 செ.மீ. பட்டை இன்னும் இருக்கிறது. அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். 5 கிலோ எலக்ட்ரிக் ஹேமரில் பட்டை உளி மாட்டி, முனையைச் சுவருக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து எடுக்க வேண்டும்.