மூன்று கிலோ புழு, ஒரு கிலோ தூள்

கோழித் தீனிக்காக வளர்த்து, மொட்டைமாடியில் தார்ப்பாய் விரித்து முதல் தடவை நான் காயப்போட்ட ஏழு கிலோ ஈப்புழுவும் மூன்றாம் நாள் சாயங்காலம் தார் மாதிரி கறுத்துப்போய்ப் பாயோடு ஒட்டிக் கிடந்தது. வாடை கீழ்வீடு வரைக்கும் இறங்கிவிட்டது. அம்மா படியேறி வந்து ஒரு பார்வை பார்த்தாள். "இதத் திங்கதுக்கு அந்தக் கோழிய பட்டினியே கெடக்கும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அம்மா சொன்னது சரிதான். அள்ளிப் போட்டதைக் கோழிகள் கால்களால் கிளறிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டன.

திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஊர். வாழை, நெல் போக, வீட்டுக்குப் பின்னால் 150 நாட்டுக்கோழி வைத்திருக்கிறேன். மேய்ச்சல் போக மிச்சத் தீனிக்கு மக்காச்சோளம், கம்பு, தவிடு, கடலைப் புண்ணாக்கு, கொஞ்சம் கருவாட்டுத் தூள். கடைசியில் சொன்னதில்தான் தகராறு. விலை ஏறிக்கொண்டே போனதுகூடப் பரவாயில்லை. ஒருநாள் சந்தேகம் வந்து ஒரு கை தூளைக் கண்ணாடித் தம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கிவைத்தேன். அடியில் ஒரு விரல் உயரத்துக்கு மணல் நின்றது. மணலையும் கருவாட்டு விலைக்கே வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அப்புறம்தான் புழுப் பக்கம் திரும்பினேன்.

பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்று ஒரு ஈ. வளர்ப்பவர்கள் பேச்சில் பிஎஸ்எஃப். பூர்வீகம் அமெரிக்கக் கண்டங்கள், இப்போது சூடான ஊர் எல்லாவற்றிலும் இருக்கிறது. பார்க்கக் குளவி மாதிரி இருக்கும், கொட்டாது. வளர்ந்த ஈக்கு இரை தேவையில்லை, தண்ணீர் போதும். அதனால் வீட்டு ஈ மாதிரிச் சோற்றில் வந்து உட்காரும் தொந்தரவு இல்லை. தின்பதெல்லாம் புழுவாக இருக்கிற காலத்தில்தான். அதுவும் எப்படிப்பட்ட தீனி! திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டில் கழித்துப் போடுகிற காயும் பழமும் ஒரு டிரம் போட்டால் இரண்டு நாளில் தூர் தெரியும்.

வளர்ப்பைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். 5 கிராம் முட்டை வாங்கினேன். 1 கிராமில் 30,000-க்கு மேல் முட்டை இருக்கும் என்பதை யாரும் முன்னாலேயே சொல்லவில்லை, கொஞ்சம் திணறிப்போனேன். நாலு நாளில் பொரிந்தது. ஒரு தடவை தர்ப்பூசணியை மட்டும் கொட்டித் தொட்டியைச் சாக்கடையாக்கினேன், தவிடும் தென்னை நார்க்கழிவும் போட்டுச் சரிசெய்தேன். எறும்பு ஒரு ராத்திரியில் பாதித் தொட்டியைக் காலி பண்ணியது. சர்க்கரை டப்பாவுக்குச் செய்வதுபோல மேசைக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியதும் அது நின்றது. இரண்டு வாரத்தில் விரற்கடை நீளப் புழு, வெளிர் மஞ்சளாக, கொழுகொழுவென்று.

இதுவரை எவனும் செய்துவிடுவான். சிக்கல் புழு வளர்ந்த பிறகுதான் ஆரம்பிக்கும்.

உயிரோடு கோழிக்குப் போட்டால் வேலை முடிந்தது என்பார்கள். 150 கோழிக்கு ஒருநாள் போடலாம். ஒரே சமயத்தில் விளைந்து நிற்கும் 12 கிலோவை என்ன செய்வது? நாலு நாள் விட்டால் கறுத்து, கூட்டுப்புழுவாக இறுகி, தோல் தடித்துவிடும். கோழிக்குச் செரிப்பதும் கஷ்டம். ஆக, காயவைத்தே தீர வேண்டும். நானும் வெயில் இருக்கிறதே, திருநெல்வேலி வெயிலுக்கு மேலா ஒரு அடுப்பு என்று அப்படியே உயிரோடு மாடியில் விரித்தேன். ஆடி மாதம். மலைப்பக்கம் சாரல், இங்கே மேகமும் காற்றும். புழு உடனே சாகாமல் ஊர்ந்து பாய்க்கு அடியில் ஒளிந்தது. வெளிச்சம் கண்டால் உள்ளே போவது அதன் சுபாவம். மெல்ல மெல்லச் செத்து, மெல்ல மெல்லக் கறுத்தது.

ஏன் கறுத்தது என்று ராமையன்பட்டிக் கல்லூரியில் படித்த எங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். "வாழைக்காய நறுக்கி வெளிய வச்சா கறுக்குல்லா, அதே மாதிரிதான்" என்றார். புழு உடம்புக்குள் இருக்கும் நொதி காற்றுப் பட்டதும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. கூடவே கொழுப்பை உடைக்கும் நொதியும். சிக்கு வாடை வந்தது அதனால்தான். ரெண்டையும் நிறுத்தக் கொதிக்கிற தண்ணீர் போதும், கிருமியும் குறையும் என்று சொன்னார்.

அடுத்த தடவை இப்படிச் செய்தேன். அறுவடைக்கு முதல் நாள் தீனியை நிறுத்திப் புழுவை வெறும் தவிட்டில் போட்டேன், குடல் காலியாகட்டும் என்று. காலையில் சல்லடையில் கொட்டி வெயிலில் வைத்தால் புழு எல்லாம் தானாகக் கண் வழியே கீழே இறங்கிவிடும், எச்சம் மேலே நின்றுவிடும். சலிக்கிற வேலையைப் புழுவே செய்துகொள்கிறது. மூன்று தண்ணீர் அலசினேன். வெளியே கல்லடுப்பில் அண்டாவை ஏற்றி 20 லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது, பழைய கொசுவலைத் துணியில் 2 கிலோ புழுவை மூட்டையாகக் கட்டி முக்கினேன். ஒரு நிமிஷம். மூட்டையைத் தூக்கினால் அத்தனை புழுவும் விறைத்து நேராக நின்றது, நிறம் மாறவில்லை. அவசரப்பட்டு 5 கிலோவை ஒன்றாகப் போட்டபோது தண்ணீர் கொதி அடங்கிப்போய், நடுவில் இருந்தது பாதி வெந்தும் வேகாமலும் வந்தது. அந்த ஈடு மறுபடி கறுத்தது. 2 கிலோவுக்கு மேல் ஆசைப்படுவதில்லை இப்போது.

காயவைக்கிற வித்தை எனக்கு அம்மாவிடமிருந்துதான் வந்தது. தார்ப்பாயில் போட்டால் அடியில் வேர்க்கும், கட்டில் சட்டத்தில் நைலான் வலை கட்டி மேலே பரப்பு, கீழேயும் காற்றுப் போகட்டும் என்றாள். (பழைய பத்தமடைப் பாய் ஒன்றைக் கேட்டேன். அது மட்டும் கிடைக்காது என்றாள்.) காகத்துக்கு மேலே இன்னொரு வலை. சாயங்காலம் பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். முதல்நாள் ஒரு புழுவை எடுத்து ஒடித்தேன், சடக்கென்று ஒடிந்தது. காய்ந்துவிட்டது என்று டப்பாவில் போடப் போனேன். அம்மா வாங்கி நகத்தால் பிளந்து, "மேல காஞ்சிருக்கு, உள்ள நனைஞ்சுதான் இருக்கு. கூழ்வத்தல் இப்படித்தான் ஏமாத்தும்" என்று திருப்பிக் கொடுத்தாள். பிறகு தராசை நம்பினேன். மூன்று கிலோ பச்சைப் புழு ஒரு கிலோ பக்கம் வந்து, அடுத்தடுத்து இரண்டு தடவை நிறுத்தும் எடை இறங்கவில்லை என்றால்தான் டப்பாவுக்குள் போகும். சித்திரை வெயிலில் இதற்கு முழுதாக இரண்டு நாள் ஆனது.

சரி, அரைக்கலாம் என்று மிக்ஸியில் போட்டால் தூள் ஆகவில்லை, எள்ளுருண்டை மாதிரி உருண்டு பிளேடைச் சுற்றிக்கொண்டது. காய்ந்த புழுவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கொழுப்பு. அதில் அதிகமாக இருப்பது லாரிக் அமிலம், தேங்காய் எண்ணெயில் இருப்பதுதான். கொழுப்போடு வைத்தால் ஒரு மாதத்தில் சிக்கு வாடையும் வந்துவிடும். எண்ணெய் எடுத்தே ஆக வேண்டும். பக்கத்து ஊர்ச் செக்குக்கு ஒரு பை புழுவோடு போனேன். செக்குக்கார அண்ணாச்சி பையைப் பிரித்துப் பார்த்தார். உடனே கட்டிவிட்டார்.

"தம்பி, இத என் செக்குல போட்டேன்னு வைங்க, நாளைக்கு நல்லெண்ண வாங்க ஒரு ஆளு வரமாட்டான். அம்புட்டுத்தான்."

அவர் பிழைப்பு அது, ஒன்றும் சொல்வதற்கில்லை. கடைசியில் கோயம்புத்தூரில் இருக்கும் மைத்துனன் வீட்டில் சும்மா கிடந்த சின்ன எண்ணெய் மெஷின் கிடைத்தது. அதுவும் லேசில் மசியவில்லை. மொறுமொறுப்பாகக் காய்ந்ததைப் போட்டால் திருகு அடைத்துப் புகைந்தது. ஈரம் இருந்தால் களி மாதிரி வந்தது. வாணலியில் கை பொறுக்கிற சூட்டுக்குப் புரட்டிப் போட்டபோதுதான் ஒரு பக்கம் மஞ்சள் எண்ணெய் சொட்ட, மறுபக்கம் புண்ணாக்கு சில்லுசில்லாக விழுந்தது. கிலோவுக்கு 200 கிராமுக்குக் குறைவாகத்தான் எண்ணெய் கிடைத்தது, மிச்சம் புண்ணாக்கிலேயே தங்கிவிட்டது. மார்கழியில் அந்த எண்ணெய் தேங்காயெண்ணெய் போலவே வெள்ளையாக உறைந்தது. பாட்டிலில் பெரிய எழுத்தில் 'புழு' என்று எழுதி ஒட்டிவிட்டேன், இது அவசியம்.

புழுவை முழுசாக அரைத்த தூளை ஆய்வுக்குக் கொடுத்தேன். அறிக்கையில் புரதம் 42 சதவீதம். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மருத்துவர்தான் பேனாவை எடுத்தார். ஆய்வகத்தில் புரதத்தை நேராக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறார்கள். புழுத் தோலைக் கெட்டியாக்கும் கைட்டின் என்ற பொருளிலும் நைட்ரஜன் உண்டு, அதுவும் புரதக் கணக்கில் ஏறிவிடும். இந்தப் புழுவுக்கு 4.76 ஆல் பெருக்குவதே சரி என்று ஆராய்ச்சி இருக்கிறது. போட்டுப் பார்த்தால் 32. பத்துப் புள்ளி காற்றில் போனது. கருவாட்டு மணலுக்கு நான் எவ்வளவு கோபப்பட்டேனோ, அதே ஏமாற்றத்தை அறியாமல் நானும் செய்திருப்பேன், அந்த 42-ஐ அச்சடித்து விற்றிருந்தால். புண்ணாக்குத் தூளில் இதைவிடக் கூடுதலாக இருக்கும், கொழுப்புப் போன அளவுக்கு.

கோழிக்கு 100 கிலோ கலவையில் 10 கிலோ புழுத்தூள் சேர்க்கிறேன். கருவாட்டுத் தூளை அடியோடு நிறுத்தவில்லை, பாதியாக்கியிருக்கிறேன். புழுவில் கால்சியம் ஏராளம், முட்டைக் கோழிக்கு ஆகும். தூள் கலந்த தீனியைக் கண்டால் சேவல் கூடப் பெட்டைக்கு விட்டுக்கொடுப்பதில்லை.

"மனுசன் திங்கலாமா?" என்று கேட்காத ஆள் இல்லை. எங்கள் ஆச்சி மழை விட்ட ராத்திரியில் புற்றுப் பக்கம் விளக்கு வைத்து ஈசல் பிடித்து, இறகு உதிர வறுத்து, பொரியரிசியோடு கலந்து மடியில் கட்டித் தருவாள். அதைத் தின்று வளர்ந்த வாய்தான் இது. வெந்து காய்ந்த புழு ஒன்றை நானும் கடித்துப் பார்த்தேன். வறுகடலைக்கும் சுட்ட கருவாட்டுக்கும் நடுவில் ஒரு ருசி. ஆனால் மார்க்கெட் கழிவில் வளர்ந்ததை மனிதருக்குக் கொடுக்க மாட்டேன். காட்மியம் மாதிரி நச்சு உலோகம் தீனியில் இருந்தால் இந்தப் புழு உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் மீன் தீவனத்துக்கும், 2021-ல் கோழி, பன்றித் தீவனத்துக்கும் பூச்சிப் புரதத்தை அனுமதித்தது. அதே 2021-ல் மாவுப்புழு என்ற வேறொரு புழுவை மனித உணவாகவும் ஏற்றது. ஆனால் ஓட்டல் எச்சிலையும் இறைச்சிக் கழிவையும் புழுவுக்குப் போடக்கூடாது என்பது அங்கே சட்டம். ஆச்சி ஈசலைப் புற்றிலிருந்து எடுத்தாள், சாக்கடையோரம் பிடித்ததே இல்லை. நானும் இறைச்சிக் கழிவு கொடுக்க வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், கோழிக்குத்தான் என்றாலும்.

ஐப்பசி, கார்த்திகை மட்டும் இன்னும் கைக்குள் வரவில்லை. வெயிலை நம்ப முடியாது, கரண்டில் காயவைத்தால் கட்டுப்படியாகாது. இப்போதைக்குக் கடலை வறுக்கிற மாதிரி இரும்புச் சட்டியில் ஆற்றுமணலைச் சுடவைத்து, வெந்நீரில் முக்கி வடித்த புழுவை அதில் போட்டு வறுக்கிறேன். பொரிபோல உப்பி, லேசாகி, காய்ந்துவிடுகிறது. சல்லடையில் சலித்தால் மணல் போய்விடும், அநேகமாக. போன வாரத்து ஈட்டையும் தம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி வைத்தேன். அடியில் ஒரு நூல் அளவுக்கு மணல் நின்றது. இன்னொரு தரம் சலிக்கச் சல்லடை கண் சின்னதாக வேண்டும், நாளைக்கு டவுனுக்குப் போகும்போது வாங்க வேண்டும்.