கைப்பிடியின் பிளவில் இருந்தது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் அக்காள் மகள், தோலில் ஊசியால் மை ஏற்றி நிரந்தரப் புருவம் வரையும் கடை நடத்துகிறாள். தீபாவளிக்கு முந்தைய வாரம் அங்கே போயிருந்தபோது, கிருமி கொல்ல வைத்திருக்கும் புற ஊதா நீல விளக்குப் பெட்டியில் இருந்த உலோகக் கைப்பிடி ஒன்றைக் கையில் எடுத்தேன். ஊசித் தகடு செருகும் பிளவில் துருப்போல ஒரு கோடு தெரிந்தது. ஈரப் பஞ்சால் துடைத்ததும் பஞ்சு சிவந்தது.

"சித்தி, அரை மணி நேரம் விளக்கில் வைத்தேனே," என்றாள்.

22 ஆண்டுகள் மருத்துவமனையின் கிருமிநீக்கப் பிரிவில் வேலை செய்தவள் என்பதால், அன்று அவளோடு உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் வந்தேன். புற ஊதா ஒளி, அது நேராக விழும் இடத்தில் மட்டுமே வேலை செய்யும். பிளவுக்குள்ளும் நிழலுக்குள்ளும் அதற்கு வேலையில்லை. காய்ந்த இரத்தத்தின் அடியில் ஒளிந்த கிருமியை ஆட்டோகிளேவ் என்ற உயர் அழுத்த நீராவிக் கருவியின் சூடுகூடச் சரியாகத் தொடாது. ஆகவே முதல் வேலை கழுவுவதுதான். கனத்த கையுறை அணிந்து, சவர்க்கார நீருக்குள் அமிழ்த்தியபடியே தூரிகையால் தேய்த்தால் துளி முகத்தில் தெறிக்காது. பிறகு அலசி, ஈரம் போகத் துடைத்து, உறையிலிட்டு, 121 டிகிரியில் 15 நிமிடமோ 134 டிகிரியில் 3 நிமிடமோ நீராவியில் வைக்க வேண்டும். அந்தச் சூட்டை எட்டிய பிறகே நேரத்தை எண்ண வேண்டும். உறையின் நிறம் மாறினால் சூடு பட்டது என்று மட்டுமே பொருள். கிருமி செத்ததா என்பதை, சூட்டை எளிதில் தாங்கும் பாக்டீரிய வித்துகள் அடங்கிய சோதனைக் குப்பியை உள்ளே வைத்துத்தான் அறிய முடியும். ஊசியும் தகடும் ஒருவருக்கு ஒருமுறைதான். அவற்றை மீண்டும் கிருமிநீக்கம் செய்யும் பேச்சுக்கே இடமில்லை.

மையிலும் ஆபத்து உண்டு. அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் 2011இன் இறுதியில், முன்கூட்டியே நீர் கலந்து விற்கப்பட்ட, பச்சை குத்தும் சாம்பல் நிற மையால் 19 பேருக்குத் தோல் தொற்று வந்தது; மைக்கோபாக்டீரியம் என்ற கிருமி மைக்குள்ளேயே இருந்தது. குழாய்த் தண்ணீர் விட்டு மை கலக்கும் பழக்கத்தை நான் அஞ்சுவது இதனால்தான்.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. இரத்தத்தின் வழியே பரவி கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ், உலர்ந்த பரப்பில் 7 நாள்வரை உயிரோடு இருக்கும். மலேசியாவில் கைக்குழந்தைகளுக்கு அதற்கான தடுப்பூசி 1989இல்தான் தொடங்கியது. புருவம் உதிர்ந்து அவளிடம் வரும் பெண்களோ, பெரும்பாலும் அதற்கு முன்பே தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். அவர்களில் யாருக்கு நோய் இருக்கிறது, யாருக்குத் தடுப்பு இல்லை என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாருடைய இரத்தத்தையும் ஒரே அச்சத்தோடு கையாள வேண்டும்.

இப்போது கடையில் சிறிய ஆட்டோகிளேவ் இருக்கிறது. வாடிக்கையாளரின் கண்முன்னேதான் உறையைப் பிரிக்கிறாள். அங்கே கருவிகளைக் கழுவித் தரும் பணிப்பெண்ணும் 1989க்கு முன் பிறந்தவர். இரண்டு தவணை தடுப்பூசி போட்டுக்கொண்டார், மூன்றாவதற்கு நாள் குறித்துத் தந்திருக்கிறார்கள்.